இரைப்பையின் உயிரணுப் பரப்பு மியூசின்கள்

உயிரணுப் பரப்பு மியூசின்கள் என்பன, உடலின் உட்பரப்புகளை மூடியிருக்கும் உயிரணுக்களின் மென்சவ்வில் ஊன்றியபடி வெளிநோக்கி நீண்டிருக்கும் பெரிய சர்க்கரைப்புரதங்கள் ஆகும். இரைப்பையில் காணப்படும் இவ்வகை மியூசின்களுள் முதன்மையானது மியூசின்-1 (எம்.யு.சி.1) ஆகும். எலிக்கோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா தூண்டும் அழற்சியிலிருந்து இரைப்பையின் உட்சுவரைக் காப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

மியூசின்கள் வழவழப்பான மேற்பூச்சு மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2007ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஆய்வுகள் மியூசின்-1 மூன்று வேறுபட்ட பணிகளைச் செய்வதைக் காட்டியுள்ளன. அது பாக்டீரியாவை உயிரணுவிலிருந்து விலக்கி நிறுத்துகிறது. ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவுடன் சேர்ந்து தானும் கழன்று விழுகிறது. உயிரணுவின் உள்ளே எழும் அழற்சிக் குறிகைகளை அடக்குகிறது. இவற்றுள் மூன்றாவது பணியே இரைப்பைப் புண், இரைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றைப் புரிந்துகொள்வதில் மிக முக்கியமானதாகக் கருதப்படுகிறது. ஏனெனில் இந்நோய்களில் இரைப்பைக்கு ஏற்படும் சேதத்தின் பெரும்பகுதி, பாக்டீரியாவை எதிர்த்து உடலே நடத்தும் நீண்ட அழற்சியால் விளைகிறது.

கோழைப் படலம்

இரைப்பைச் சாற்றில் ஐதரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்னும் புரதம் செரிக்கும் நொதியும் உள்ளன. வெறும் வயிற்றில் இச்சாற்றின் பி.எச். அளவு ஏறத்தாழ 1 முதல் 2 வரை இருக்கும். இறைச்சியைக் கரைக்க வல்ல இச்சாறு, புரதத்தால் ஆன இரைப்பைச் சுவரைக் கரைத்துவிடாமல் இருப்பதற்கு முதற்காரணம் அச்சுவரின் மீது படிந்துள்ள கோழை (சளி, சீதம்) ஆகும்.

கோழையின் பெரும்பகுதி நீரே. அதற்குக் கூழ்த்தன்மை தருபவை மியூசின்கள் எனப்படும் புரதங்களாகும். ஒரு மியூசினின் புரதத் தண்டில் புரோலின், திரியோனின், செரின் ஆகிய அமினோ அமிலங்கள் நிறைந்த பகுதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்பகுதிகளில் சர்க்கரைத் தொடர்கள் நெருக்கமாகப் பிணைந்திருப்பதால், மூலக்கூறு புட்டிகளைக் கழுவும் நீண்ட தூரிகையைப் போன்ற வடிவம் பெறுகிறது. பல மியூசின்களின் எடையில் பாதிக்கு மேற்பட்டது இச்சர்க்கரைகளே.

மியூசின்கள் இருபெரும் வகைப்படும்.

சுரக்கப்படும் மியூசின்கள்: இவை உயிரணுவிலிருந்து வெளியேறி ஒன்றோடொன்று பிணைந்து கூழாகின்றன. இரைப்பையில் மேற்பரப்பு உயிரணுக்கள் மியூசின்-5ஏசியையும், ஆழத்திலுள்ள சுரப்பிகளின் உயிரணுக்கள் மியூசின்-6ஐயும் சுரக்கின்றன. இக்கூழினுள் உயிரணுக்கள் வெளியிடும் பைகார்பனேட்டு தங்கி அமிலத்தை நடுநிலையாக்குகிறது. இதனால் கூழின் வெளிப்புறம் கடும் அமிலமாக இருந்தாலும் உயிரணுக்களை ஒட்டிய பகுதி ஏறத்தாழ நடுநிலையில் இருக்கும்.

உயிரணுப் பரப்பு மியூசின்கள்: இவை வெளியேறுவதில்லை. ஒரு முனை உயிரணுவின் உள்ளேயும் மறுமுனை கூழை நோக்கியும் அமைய, மென்சவ்வை ஊடுருவி நிற்கின்றன. கூழைக் கடந்துவரும் எப்பொருளும் உயிரணுவைத் தொடுமுன் இம்மியூசின்களைச் சந்திக்க வேண்டும்.

பீங்கான் மெருகுடன் ஒப்புமை

இவ்விரு அடுக்குகளின் தன்மையைப் பீங்கான் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் ஆகும். அங்கு பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு கல்வி நிறுவனமும் உள்ளன. சுட்ட மண்பொருள்கள் பலவற்றின் உடல் நுண்துளைகள் கொண்டது. நீரையும் கறையையும் உறிஞ்சக்கூடியது. அதன்மீது சிலிக்கா கலந்த குழம்பைப் பூசிச் சூளையில் சுடும்போது, பூச்சு உருகிக் கண்ணாடி போன்ற மெருகாகிறது. அதன்பின் பொருள் நீரை உறிஞ்சுவதில்லை. அழுக்கும் எளிதில் ஒட்டுவதில்லை.

இரைப்பையின் கோழையும் இவ்வாறே உள்ளிருக்கும் மென்மையான பகுதியை வெளியிலுள்ள கடுமையிலிருந்து பிரிக்கிறது. ஆயினும் இவ்வொப்புமை இரண்டு இடங்களில் பொருந்தாது. முதலாவதாக, மெருகு ஒருமுறை மட்டுமே இடப்படுவது. கோழையோ இடைவிடாது புதுப்பிக்கப்படுகிறது. அதனைச் சுரக்கும் மேற்பரப்பு உயிரணுக்களும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை அவ்விடத்தைப் பெறுகின்றன. இரண்டாவதாக, மெருகில் கீறல் விழுந்தால் அச்செய்தி உள்ளிருக்கும் களிமண்ணுக்கு எட்டுவதில்லை. உயிரணுப் பரப்பு மியூசினின் அடிமுனை உயிரணுவின் உள்ளே இருப்பதால், வெளியே நிகழ்வதற்கு ஏற்ப உள்ளே மாற்றங்களை ஏற்படுத்த அதனால் இயலும். மியூசின்-1இன் சிறப்பு இந்த இரண்டாவது பண்பிலேயே அடங்கியுள்ளது.

மியூசின்-1இன் அமைப்பு

மியூசின்-1க்குரிய மரபணு மனிதரின் 1ஆம் நிறப்புரியில் உள்ளது. இப்புரதம் இரைப்பையில் மட்டுமன்றி மூச்சுக்குழல், மார்பகச் சுரப்பிகள், கணையம், சிறுநீரகம் முதலிய பல உறுப்புகளின் மேலணி உயிரணுக்களிலும் காணப்படுகிறது.

இது இரண்டு துணை அலகுகளால் ஆனது. வெளியே நீண்டிருக்கும் பெரிய அலகு, மென்சவ்வை ஊடுருவியுள்ள சிறிய அலகின்மீது பொருந்தியிருக்கிறது. இவற்றுக்கிடையே வலுவான சகப்பிணைப்பு இல்லை. எனவே தேவைப்படும்போது வெளி அலகு மட்டும் கழன்று விழ இயலும்.

வெளி அலகின் நடுவே 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வருகிறது. இது எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். ஏறத்தாழ 20 முதல் 125 முறை வரை வரலாம். இதனால் ஒருவருடைய மியூசின்-1 நீளமாகவும் மற்றொருவருடையது குட்டையாகவும் இருக்கும். பொதுவாக இது உயிரணுவின் பரப்பிலிருந்து 200 முதல் 500 நானோமீட்டர் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு முதல் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வரை, உயர்ந்து நிற்கிறது. உயிரணுப் பரப்பிலுள்ள ஏற்பிகள் முதலிய பிற மூலக்கூறுகளுள் பெரும்பாலானவை சில பத்து நானோமீட்டர் உயரமே உடையவை. எனவே அவை மியூசின்-1இன் நிழலில் மறைந்திருக்கின்றன எனலாம்.

உயிரணுவின் உள்ளே இருக்கும் வால்பகுதி 72 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது. அளவில் சிறியதாயினும், குறிகைகளைக் கடத்தும் பல புரதங்கள் வந்து பிணையும் இடம் இதுவேயாகும்.

எலிக்கோபேக்டர் பைலோரி

எலிக்கோபேக்டர் பைலோரி (ஹெலிகோபாக்டர் பைலோரி என்றும் எழுதப்படுகிறது) சுருள் வடிவம் கொண்ட ஒரு பாக்டீரியா ஆகும். பெயரின் முற்பகுதி சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; தமிழ்ச் சொல்லாகிய எலியுடன் அதற்குத் தொடர்பில்லை. 1982இல் ஆத்திரேலியாவின் பேர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்சல் ஆகியோர் இதனை இரைப்பைத் திசுவிலிருந்து வளர்த்தெடுத்தனர். அமிலம் நிறைந்த இரைப்பையில் பாக்டீரியா நிலைத்து வாழ இயலாது என்ற கருத்து அப்போது நிலவியது. 1984இல் மார்சல் இப்பாக்டீரியாவின் வளர்ப்பைத் தாமே குடித்து, தமக்கு இரைப்பை அழற்சி ஏற்பட்டதை உறுதிசெய்தார். 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. 2005ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இப்பாக்டீரியா யூரியேசு என்னும் நொதியால் யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அமிலத்தன்மை குறையும் இடத்தில் கோழைக் கூழும் இளகுவதால், கசையிழைகளின் உதவியால் அதனூடே நீந்திச் செல்கிறது. பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை கூழிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு பகுதி மட்டும் உயிரணுக்களை நெருங்கி ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு இவை பாப்-ஏ, சாப்-ஏ முதலிய ஒட்டுப்புரதங்களைப் பயன்படுத்துகின்றன. இவை உயிரணுக்களின் சர்க்கரைத் தொடர்களை இனங்கண்டு பற்றிக்கொள்பவை.

ஒட்டிய பாக்டீரியா, ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாகக் காக்-ஏ என்னும் புரதத்தை உயிரணுவினுள் செலுத்தக்கூடும். காக்-ஏ கொண்ட வகைகள் கடுமையான நோயுடன் கூடுதல் தொடர்புடையவை.

அழற்சியும் அதன் விளைவும்

பாக்டீரியாவின் தாக்குதலை உணர்ந்த மேலணி உயிரணு, என்.எஃப்.-கப்பா-பி என்னும் குறிகைப் பாதையை முடுக்குகிறது. இதன் விளைவாக இன்டர்லியூக்கின்-8 முதலிய புரதங்கள் வெளியாகி, குருதியிலுள்ள நியூட்ரோபில் வெள்ளணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கின்றன. இதுவே அழற்சியின் தொடக்கம். பல தொற்றுகளில் அழற்சி கிருமியை ஒழித்துச் சில நாட்களில் தணிந்துவிடும். எலிக்கோபேக்டர் பைலோரியோ அழற்சிக்கு நடுவிலும் பல்லாண்டுகள் வாழ வல்லது. எனவே அழற்சியும் பல்லாண்டுகள் நீடிக்கிறது.

நீடித்த அழற்சியில் அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிகின்றன. இந்நிலை இரைப்பை நலிவு எனப்படும். அதன்பின் இரைப்பையின் உட்சுவர் குடலின் உட்சுவரைப் போல மாறுவதும், சிலரில் இறுதியாகப் புற்றுநோய் தோன்றுவதும் நிகழலாம். இப்படிநிலைகளைப் பெலாயோ கொரேயாவும் அவருடைய குழுவினரும் 1975இல் விளக்கினர். தொற்றுக்கு உள்ளானவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவ்விதத் தொல்லையும் இன்றி வாழ்கின்றனர். 1 முதல் 3 விழுக்காட்டினருக்கே இரைப்பைப் புற்றுநோய் ஏற்படுவதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஒரே பாக்டீரியா சிலரை மட்டும் கடுமையாகப் பாதிப்பது ஏன் என்ற வினாவே ஆய்வாளர்களை மியூசின்களை நோக்கித் திருப்பியது.

மியூசின்-1 காக்கும் முறைகள்

விலக்கி நிறுத்துதல்

மியூசின்-1 அடர்ந்து உயர்ந்து நிற்பதால், 2 முதல் 4 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியா உயிரணுவின் பரப்பிலுள்ள ஏற்பிகளை எளிதில் தொட இயலாது. தக்க ஒட்டுப்புரதங்கள் இல்லாததால் மியூசின்-1ஐப் பற்ற இயலாத பாக்டீரியா வகைகளுக்கு எதிராக இம்முறை பயன்படுகிறது.

பற்றவைத்துக் கழன்றுவிடுதல்

பாப்-ஏ, சாப்-ஏ ஆகியவற்றைக் கொண்ட பாக்டீரியாக்கள் மியூசின்-1இன் சர்க்கரைத் தொடர்களைப் பற்றிக்கொள்கின்றன. அவ்வாறு பற்றியதும் மியூசின்-1இன் வெளி அலகு உயிரணுவிலிருந்து கழன்றுவிடுகிறது. பல்லியைப் பற்றியவரின் கையில் வால் மட்டும் எஞ்சுவது போல, பாக்டீரியாவிடம் கழன்ற மியூசின் மட்டும் எஞ்சுகிறது. பின்னர் அது கோழையுடன் சேர்ந்து அகற்றப்படுகிறது. மேற்கூறிய இரு முறைகளையும் சாரா லின்டன், மைக்கேல் மக்குகின் ஆகியோர் இடம்பெற்ற ஆய்வுக் குழு 2009இல் விளக்கியது.

அழற்சிக் குறிகையை அடக்குதல்

2010இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ப்பு ஊடகத்திலுள்ள மனித இரைப்பை உயிரணுக்களில் மியூசின்-1இன் அளவு குறைக்கப்பட்டது. பின்னர் எலிக்கோபேக்டர் பைலோரியைச் சேர்த்தபோது, என்.எஃப்.-கப்பா-பி பாதை கூடுதலாக முடுக்கப்பட்டு, இன்டர்லியூக்கின்-8 மிகுதியாக வெளியானது. மியூசின்-1 மிகுந்திருந்தபோது இவை குறைந்தன. எனவே மியூசின்-1 உயிரணுவின் அபாய அறிவிப்புக்குக் கடிவாளம் போலவும் செயற்படுகிறது.

இக்கடிவாளம் மேலணி உயிரணுக்களுடன் நின்றுவிடவில்லை. 2016இல் மெல்பேர்ண் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, பெருவிழுங்கிகள் எனப்படும் எதிர்ப்பு உயிரணுக்களிலும் மியூசின்-1 உள்ளது. அங்கு அது என்.எல்.ஆர்.பி.3 என்னும் புரதத்தின் ஆக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. இப்புரதம் இன்டர்லியூக்கின்-1 பீட்டா என்னும் வலுவான அழற்சிப் பொருளை வெளிப்படுத்தும் மூலக்கூற்றுத் தொகுதியின் பகுதியாகும். கோழையைச் சுரக்காத, இரைப்பைக் குழியைத் தொடாத ஓர் உயிரணுவிலும் மியூசின்-1 அழற்சியைத் தணிப்பது, அதன் பணி மேற்பூச்சாக இருப்பதோடு முடிவதில்லை என்பதற்குத் தெளிவான சான்றாகும்.

சுண்டெலி ஆய்வுகள்

மியூசின்-1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் 1995இல் முதன்முதலாக உருவாக்கப்பட்டன. தூய்மையான சூழலில் அவை இயல்பாகவே வளர்ந்தன. 2007இல் இத்தகைய சுண்டெலிகளுக்கு எலிக்கோபேக்டர் பைலோரி கொடுக்கப்பட்டபோது வேறுபாடு வெளிப்பட்டது.

முதல் நாளிலேயே அவற்றின் இரைப்பையில் இயல்பான சுண்டெலிகளில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு பாக்டீரியாக்கள் குடியேறின. இந்நிலை குறைந்தது 2 மாதங்கள் நீடித்தது.

மரபணுவின் இரு படிகளுள் ஒன்றை மட்டும் இழந்த சுண்டெலிகளில் பாக்டீரியாக்களின் அளவு இடைப்பட்டதாக இருந்தது.

2 மாத முடிவில் இயல்பான சுண்டெலிகளில் இலேசான அழற்சி மட்டுமே காணப்பட்டது. மியூசின்-1 இல்லாதவற்றில் அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்து இரைப்பை நலிவு ஏற்பட்டிருந்தது.

2016ஆம் ஆண்டு ஆய்வில் தொற்று நீண்டகாலம் தொடர விடப்பட்டது. மியூசின்-1 இல்லாத சுண்டெலிகளில் கடும் சேதம் உண்டாகி, அவற்றின் உயிர்வாழ்வும் குறைந்தது.

எல்லா மியூசின்களும் ஒன்றல்ல

உயிரணுப் பரப்பு மியூசின்கள் அனைத்தும் அழற்சியை அடக்குகின்றன என்று கொள்ளலாகாது. இரைப்பையிலும் குடலிலும் காணப்படும் மியூசின்-13, இன்டர்லியூக்கின்-8 வெளியாவதைக் கூட்டுவதாக 2013இல் கண்டறியப்பட்டது. அபாயத்தை அறிவிக்க ஒன்றும் அவ்வறிவிப்பு எல்லை மீறாதிருக்க மற்றொன்றுமாக இவை ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்று விளக்கப்படுகிறது.

மரபு வேறுபாடுகள்

மியூசின்-1இன் நீளம் ஆளுக்கு ஆள் மாறுபடுவது நோய்வாய்ப்பையும் பாதிக்கக்கூடும். குட்டையான மியூசின்-1 கொண்டவர்களிடையே இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் போர்த்துகலில் 1997இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பின்னர் சீன, சப்பானிய மக்களிடையே நடத்தப்பட்ட பரந்த மரபணுத்தொகை ஆய்வுகளிலும், மியூசின்-1 மரபணு அமைந்துள்ள பகுதி இரைப்பைப் புற்றுநோயுடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. இவை வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் அல்லது குறைக்கும் காரணிகளே. ஒருவருக்கு நோய் வரும் அல்லது வராது என்று இவற்றைக் கொண்டு கூற இயலாது.

புற்றுநோயில் எதிர்மாறான பங்கு

நலமான உயிரணுவில் மியூசின்-1 குழியை நோக்கிய பக்கத்தில் மட்டுமே இருக்கும். புற்றுநோயாக மாறிய உயிரணுவில் இது மிகுதியாக உற்பத்தியாகி எல்லாப் பக்கங்களிலும் பரவிவிடுகிறது. அப்போது அதன் வால்பகுதி உயிரணுவின் பெருக்கத்துக்குத் துணைபோகிறது. குருதியில் கலக்கும் மியூசின்-1ஐ அளக்கும் சி.ஏ. 15-3 என்னும் சோதனை, மார்பகப் புற்றுநோயாளிகளின் நிலையைக் கண்காணிக்கப் பயன்படுகிறது. தொற்றின் தொடக்கத்தில் காவலாக இருக்கும் ஒரு மூலக்கூறு, புற்று தோன்றியபின் அதற்கே உதவக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எலிக்கோபேக்டர் பைலோரித் தொற்று இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தினரிடமிருந்து அல்லது தூய்மையற்ற நீர், உணவு வழியாக இது பரவுகிறது. நெருக்கமான வாழிடமும் கழிவுநீர் வசதிக் குறைவும் பரவலுக்குத் துணைசெய்கின்றன.

பாக்டீரியா கண்டறியப்படுவதற்கு முன்னரே, 1960களில் எஸ். எல். மல்கோத்ரா இந்திய இரயில்வே ஊழியர்களிடையே ஆய்வு நடத்தி, இரைப்பை, முன்சிறுகுடல் புண்கள் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் மிகுதி என்று தெரிவித்திருந்தார். வேறுபாட்டுக்கு அவர் உணவுப் பழக்கத்தைக் காரணமாகக் கருதினார். தமிழ்நாட்டில் இப்புண்கள் பேச்சுவழக்கில் 'அல்சர்' எனப்படுகின்றன. காரமான உணவும் நேரந்தவறி உண்பதுமே இவற்றுக்குக் காரணம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இவை வலியைக் கூட்டலாம் எனினும், புண்ணின் முதன்மைக் காரணங்கள் இப்பாக்டீரியாவும், ஆசுபிரின், டைக்குளோஃபெனாக்கு போன்ற வலிநீக்கி மாத்திரைகளுமே ஆகும். இம்மாத்திரைகள் புரோசுட்டாகிளாண்டின் என்னும் பொருளின் உற்பத்தியைத் தடுப்பதால் கோழையும் பைகார்பனேட்டும் சுரப்பது குறைகிறது.

தொற்று இவ்வளவு பரவியிருந்தும், இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோயின் விகிதம் சப்பான், கொரியா ஆகிய நாடுகளைவிடக் குறைவு. இம்முரண்பாடு மருத்துவ இலக்கியத்தில் 'இந்தியப் புதிர்' எனக் குறிப்பிடப்படுகிறது. இந்தியாவுக்குள்ளும் இவ்விகிதம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மிசோரத்தில் இது மிக அதிகம். சென்னை அடையாறு புற்றுநோய் மையம் பராமரிக்கும் பதிவேட்டின்படி, சென்னையில் ஆண்களுக்கு ஏற்படும் முதன்மையான புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்றாக இருந்து வந்துள்ளது. பாக்டீரியாவின் வகை, உணவு, உப்பு, புகையிலை, மரபு வேறுபாடு ஆகியவை இவ்வேறுபாடுகளுக்குக் காரணங்களாக ஆராயப்படுகின்றன. மனிதரின் மியூசின்கள் இம்மரபுக் காரணிகளுள் அடங்கும்.

மருத்துவத்தில்

தொற்றை யூரியா மூச்சுச் சோதனை, மலத்தில் பாக்டீரியாப் புரதங்களைத் தேடும் சோதனை, அகநோக்கி வழியாக எடுக்கப்படும் திசுத் துணுக்கின் சோதனை ஆகியவற்றால் அறியலாம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பிகளைச் சேர்த்து, பொதுவாக 14 நாட்கள் வரை மருத்துவம் அளிக்கப்படுகிறது. இந்தியாவில் மெட்ரோனிடசோல் முதலிய மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா வகைகள் பரவியிருப்பதால், மருந்தை இடையில் நிறுத்தாமல் முழுமையாக உட்கொள்வதும், முடிந்தபின் பாக்டீரியா ஒழிந்துவிட்டதா எனச் சோதிப்பதும் தேவையாகின்றன.

மியூசின்-1ஐக் கூட்டி இரைப்பையைக் காக்கும் மருந்து எதுவும் நடைமுறையில் இல்லை. புற்று உயிரணுக்களுக்கு அது துணைபுரிவதால் அத்தகைய மருந்தை உருவாக்குவதும் எளிதன்று. ஆயினும் மியூசின் ஆய்வுகள் ஒரு செய்தியைத் தெளிவாக்கியுள்ளன. தொற்றின் விளைவு பாக்டீரியாவின் வலிமையை மட்டும் சார்ந்ததன்று. அழற்சியை அளவோடு நிறுத்தும் உடலின் திறனையும் சார்ந்தது. அத்திறன் ஒருவருக்கு எவ்வளவு உண்டு என்பதை முன்கூட்டியே அறிய முடிந்தால், தொற்றுள்ள கோடிக்கணக்கானோருள் யாருக்கு உடனடி மருத்துவமும் தொடர் கண்காணிப்பும் தேவை என்று கண்டறிவது எளிதாகும்.